எங்கட பட்ச்: ஒரு கூட்டம் எப்படிச் சொந்தமாகிறது?

மார்ச் மாதம் பிறந்தால் கொழும்பு வீதிகளில் கொடி கட்டிய லொறிகள் புறப்பட்டுவிடும். மேலே பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள். கூடவே ட்ரம்பெட்டும் மேளமுமாகப் பப்பரே. ரோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் போட்டிக்காலம் அது. பையன்கள் ஆடுவதில் வியப்பில்லை. எஸ்.எஸ்.சி. மைதானத்துக் கூடாரங்களில் எழுபது வயதுக்காரர்களும் அதே தாளத்துக்கு ஆடுகிறார்களே, அதுதான் வியப்பு. அவர்கள் பாடசாலையை விட்டு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் யாராவது விசாரித்தால் தங்கள் பட்ச் எது என்றுதான் முதலில் சொல்வார்கள்.

அந்தப் போட்டி 1879இல் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்து ஆடினார்கள். 1880 முதல் மாணவர்கள் மட்டும். அப்போது சென் தோமஸ் கல்லூரி இருந்த இடம் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து முகத்துவாரம். 1918இல் அது கல்கிசைக்குப் போனது. கட்டடம் மாறியது, ஊர் மாறியது, ஆட்சி மாறியது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டார்கள். கூட்டம் மட்டும் கலையவில்லை. இப்படி ஒரு கூட்டத்தைக் கட்டிவைத்திருப்பது எது?

அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் ‘பிரட்டேர்னிட்டி’ எனப்படும் சகோதரக் கழகங்களில் சேருகிறார்கள். கிரேக்க எழுத்துகளில் பெயர், இரகசியக் கைகுலுக்கல், தனி வீடு, புதியவர்களுக்குச் சடங்கு என எல்லாம் அதில் இருக்கும். முதல் கிரேக்க எழுத்துக் கழகமான ‘பை பீட்டா கப்பா’, 1776 டிசம்பர் 5ஆம் திகதி, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐவரால் தொடங்கப்பட்டது. கூடிப் படிப்பதும் விவாதிப்பதுமே அவர்களுடைய நோக்கம். ஆனால் இன்று சகோதரக் கழகம் என்றதும் உலகத்தின் மனத்தில் எழுவது பியர் போத்தலும் கூச்சலும் குழப்பமும்தான். 1978இல் வந்த ‘அனிமல் ஹவுஸ்’ திரைப்படத்துக்கு அந்தச் சித்திரத்தில் பெரும் பங்குண்டு.

அந்தச் சித்திரத்துக்குள் அடங்காத கழகங்களும் இருக்கின்றன. 1906இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் எழுவர் ‘அல்பா பை அல்பா’வைத் தொடங்கினார்கள். வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் அவர்களுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் தேவைப்பட்டது; அதை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் அதில் சேர்ந்தார். எங்கள் பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்களில் முதலாம் வருடப் பிள்ளைகள் போய் நிற்பதற்கும் இதே காரணம் உண்டு. சொந்த மொழியில் ஒருவர் “சாப்பிட்டியா?” என்று கேட்கும் இடம் அது.

இலங்கையில் கிரேக்க எழுத்துக் கழகங்கள் கிடையாது. அந்த வேலையைப் பட்ச் செய்கிறது. பட்ச் என்றால் ஒரே வருடத்தில் உயர்தரம் எழுதியவர்கள், அல்லது ஒரே வருடத்தில் வளாகத்துக்குள் நுழைந்தவர்கள். இதில் யாரும் யாரையும் தெரிவுசெய்வதில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகத் துறைகளில் 40 வீத இடங்கள் நாடு தழுவிய தகுதிக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. இசட் புள்ளி என்ற ஓர் எண், பருத்தித்துறைப் பிள்ளையையும் ஹட்டன் பிள்ளையையும் களுவாஞ்சிக்குடிப் பிள்ளையையும் ஒரே விரிவுரை மண்டபத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. நேற்றுவரை முகம் தெரியாதவர்கள், ஒரு வருடம் போவதற்குள் “எங்கட பட்ச்” என்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று உளவியலாளர்கள் படிப்படியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் படி பெயர். ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைத்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும் என்று காட்டியவர் ஹென்றி டஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். நாசிகளின் இனவழிப்பில் குடும்பத்தாரை இழந்தவர். மனிதர் ஏன் ‘நாம்’, ‘அவர்கள்’ என்று பிரிகிறார்கள் என்ற கேள்வி அவரை விடவேயில்லை. 1970இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பாடசாலைப் பையன்களைக் கொண்டு செய்தது. பையன்களிடம் ஓவியங்களைக் காட்டி, “நீ கிளேயின் ஓவியத்தை விரும்பும் பிரிவு, நீ கண்டின்ஸ்கியின் ஓவியத்தை விரும்பும் பிரிவு” என்று சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டுவாக்கில். தன் பிரிவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. பிறகு, மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னார்கள். பங்கிடுபவனுக்கு ஒரு சதமும் கிடைக்காது. அப்படியிருந்தும் பையன்கள் தங்கள் பிரிவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். இன்னும் விசேடம், தங்கள் பிரிவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றப் பிரிவை விட முந்திநிற்க வேண்டும் என்று பலர் தெரிவுசெய்தார்கள். பார்த்தும் பழகியும் இராத கூட்டத்துக்கே இந்தப் பாசம் என்றால், கொடியும் கீதமும் கழுத்துப்பட்டியும் உள்ள பாடசாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது படி கதவு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளியூர் மாணவர்கள் தங்கும் போர்டிங்குகள் ஏராளம். யார் யாருக்கு உயிர் நண்பர் ஆவார் என்பதை அங்கே பெரும்பாலும் அறைகளின் வரிசையே தீர்மானித்துவிடுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றில் லியோன் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் நட்புகளை எண்ணிப் பார்த்து 1950இல் வெளியிட்டார்கள். அடுத்த கதவில் இருந்தவர்களை 41 வீதத்தினர் நெருங்கிய நண்பர் என்றார்கள். இரண்டு கதவு தள்ளி இருந்தவர்களுக்கு அது 22 வீதம். அதே மாடியின் இரு கோடிகளில் இருந்தவர்களுக்கு வெறும் 10 வீதம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க அரை நிமிடம்கூட ஆகாது. குணப் பொருத்தம், இராசிப் பொருத்தம் எல்லாவற்றையும் சில அடி தூரம் வென்றுவிடுகிறது.

மூன்றாவது படி நேரம். நட்புக்கு எத்தனை மணித்தியாலம் வேண்டும்? கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் 2018இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணித்தியாலம். நண்பர் என்று உரிமையோடு சொல்ல 90. உற்ற நண்பராக 200க்கு மேல். இந்தக் கணக்கை வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவோம். ஒரே அறையில் இருக்கும் இருவர் கொத்து சாப்பிடுவது, கடற்கரைக்கு நடப்பது, 101 பஸ்ஸில் தொங்குவது, கட்டிலில் சாய்ந்து கதைப்பது என்று நாளுக்கு நான்கு மணித்தியாலம் சேர்ந்திருந்தால், 200 மணித்தியாலம் 50 நாளில் நிறைந்துவிடும். முதல் அரையாண்டு முடிவதற்குள் உயிர் நண்பன் தயார். இதையே வேலைக்குப் போன பிறகு, வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் சந்தித்துச் சேர்க்கப் பாருங்கள்: 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். நாற்பது வயதில் புது நண்பர் கிடைப்பது அரிதாவதற்கு வயதை விட நாட்காட்டியே பெரிய காரணம்.

நான்காவது படி தாளம். பப்பரே கேட்டால் கால் நிற்காது என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒக்ஸ்போர்ட் படகோட்டிகள் துப்புக் கொடுத்தார்கள். அவர்களை உடற்பயிற்சி அறையில் முதலில் தனித்தனியாகவும், பிறகு ஒரே தாளத்தில் சேர்ந்தும் துடுப்பு வலிக்கவைத்தார்கள். இருமுறையும் உழைப்பு ஒரே அளவு. பயிற்சிக்குப் பின், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலியைத் தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். சேர்ந்து வலித்த நாளில் தாங்கும் சக்தி கூடியிருந்தது. எண்டோர்ஃபின், அதாவது உடல் தானே சுரக்கும் வலிநீக்கி, கூடுதலாகச் சுரந்ததன் அடையாளம் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே சுரப்பு மனத்துக்கு இதமும், பக்கத்தில் நிற்பவர் மேல் நெருக்கமும் தருகிறது. சேர்ந்து பாடுவதும் இதே வேலையைச் செய்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களை விட வேகமாக ஒன்றிப்போனார்கள். பாடசாலைக் கீதத்தை வாரந்தோறும் நிற்கவைத்துப் பாடவைத்த பழைய அதிபர்கள் இந்த ஆய்வு வராத காலத்திலேயே அதன் பலனைக் கண்டவர்கள்.

இனி வருவது கடினமான படி: வலி. சகோதரக் கழகங்களின் அவப்பெயருக்கும் எங்கள் வளாகங்களின் அவப்பெயருக்கும் வேர் ஒன்றே. புதியவர்களை வதைத்தால் அவர்கள் இறுக்கமாக ஒட்டிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் ‘ஹேசிங்’, எங்களிடம் பகிடிவதை. “நாங்களும் வாங்கித்தான் வந்தோம், அதனால்தான் இன்றைக்கும் ஒன்றாக இருக்கிறோம்” என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது எலியட் அரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் வெளியிட்ட பரிசோதனை. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய கல்லூரி மாணவிகளில் ஒரு பகுதியினர், முன்பின் தெரியாத ஆண் ஒருவர் முன்னே கூசவைக்கும் சொற்களை உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. இன்னொரு பகுதியினருக்கு இலேசான சொற்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே உரையாடலைக் கேட்கவைத்தார்கள். வேண்டுமென்றே சலிப்பாகத் தயாரித்த உரையாடல் அது. அதிகம் கூசியவர்கள்தான் அதை மிகச் சுவையானது என்றார்கள். பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் இடம் தராது. ஆகவே கிடைத்த பொருளின் மதிப்பை அது தானே உயர்த்திக்கொள்கிறது. உளவியலில் இதற்குப் பெயர் மனமுரண் நீக்கம்.

ஆனால் அந்தப் பரிசோதனையை முழுதாக வாசிக்க வேண்டும். அந்த மாணவிகள் குழுவில் சேரத் தாங்களாகவே முன்வந்தவர்கள். வேண்டாம் என்றால் எழுந்து போகலாம். தானே தெரிவுசெய்த கஷ்டத்துக்குத்தான் மனம் நியாயம் தேடும். பொறியியல் படிக்க வந்த பிள்ளை பகிடிவதையைத் தெரிவுசெய்யவில்லை. இசட் புள்ளி அனுப்பிய இடத்துக்கு அது வந்தது. எழுந்து போகவும் அதற்கு வழியில்லை.

தெரிவுசெய்த வலி எப்படியிருக்கும் என்று பார்க்க, எங்கள் முருகன் கோயில் வீதிக்கே வரலாம். மொரீசியஸ் தீவில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தமிழ் வழிவந்த பக்தர்களை டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்து 2013இல் எழுதினார். ஒரு பகுதியினர் கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்கள். இன்னொரு பகுதியினர் அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள். மூன்றாவது பகுதியினர் அவர்களோடு கூடவே நடந்து வந்தவர்கள். எல்லோருக்கும் கொஞ்சப் பணம் கொடுத்து, விரும்பினால் இரகசியமாகக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். காவடி எடுத்தவர்கள் பிரார்த்தனைக்காரரை விடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வியப்பு என்னவென்றால், வெறுமனே கூட நடந்தவர்களும் அப்படியே கொடுத்தார்கள். வலி ஒருவருடையது, கூட நடந்ததால் பிறந்த பற்று எல்லோருடையதும். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும்போது பின்னால் நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காவடிக்காரரின் வேண்டுதல் அவர் தானே தெரிவுசெய்தது. வீட்டார் பக்கத்தில் தண்ணீரோடு நடக்கிறார்கள். எல்லாம் பட்டப்பகலில், ஊர் பார்க்க நடக்கிறது. பகிடிவதையில் இவற்றில் ஒன்றும் இல்லை. அது கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது.

சரி, வதை உண்மையிலேயே ஒற்றுமையைத் தருகிறதா? ஓர் அமெரிக்கச் சகோதரக் கழகத்துக்குள்ளேயே போய் இதை அளந்தவர் ஆல்டோ சிமினோ. அடுத்தடுத்துச் சேர்ந்த புதியவர் அணிகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்தார். வதை கடுமையானால் பற்றும் கூடுகிறதா என்று பார்த்தார். 2022இல் வெளியான முடிவு: குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் இல்லை. சீனியர்கள் சொல்லிவந்த நியாயத்தின் அடித்தளம் அங்கே சரிந்தது. பட்ச் ஒற்றுமையாக இருந்தது உண்மைதான். அதைச் செய்தது அடுத்த கதவும், இருநூறு மணித்தியாலமும், சேர்ந்து பாடிய பாட்டும். பெயரை மட்டும் வதை தட்டிக்கொண்டது.

அந்தப் பொய்க்கு இலங்கை கொடுத்த விலை பெரிது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் முதலாம் வருடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அடுத்த வருடமே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை. ஆனாலும் பகிடிவதை நின்றபாடில்லை. வதை இல்லாவிட்டால் பட்ச் இல்லை என்ற நம்பிக்கை உள்ளே உயிரோடு இருக்கும்வரை, சட்டம் வாசலில்தான் நிற்கும்.

வதை இல்லாமல் பட்ச் எப்படி உருவாகும் என்று கேட்பவர்கள், பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு போர்டிங் அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கட்டில்கள் சுவரோரம் தள்ளப்பட்டிருக்கும். தரையில் பாய். பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டு பழைய வினாத்தாள்களோடு இருப்பார்கள். நடுவில் ஒருவன், அந்தப் பாடத்தில் கெட்டிக்காரன், ஒரு கணக்கை மூன்றாவது தடவையாகச் செய்துகாட்டுவான். “மச்சான், அந்த இரண்டாவது வரியை இன்னொருக்கா சொல்லு.” பிளேன்டீ வரும், போகும். விடியும்வரை நடக்கும். இதற்குப் பெயர் குப்பி. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத, கட்டணம் இல்லாத, இலங்கையின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் நடக்கும் வகுப்பு.

குப்பியில் கேட்பவர்கள் மட்டும் இலாபம் அடைகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் ஜோன் நெஸ்டொய்கோவும் கூட்டாளிகளும் மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஒரே பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு, “படித்த பிறகு பரீட்சை” என்றார்கள். மற்றதற்கு, “நீங்கள் இதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்” என்றார்கள். கடைசியில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் பரீட்சைதான். சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துப் படித்தவர்களே கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள். நினைப்புக்கே இந்தப் பலன். உண்மையிலேயே விடிய விடியச் சொல்லிக்கொடுத்தவனுக்கு அந்தப் பாடம் வாழ்நாளில் மறக்குமா? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பொறியியல் மாணவர்கள் இதை ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். தங்களுக்குப் பின்னால் வரும் உயர்தரப் பிள்ளைகளுக்காக முன்னோடிப் பரீட்சை நடத்துகிறார்கள். வினாத்தாள் எழுதுவது, அச்சிடுவது, மண்டபம் பார்ப்பது, திருத்துவது என்று எத்தனை பேருடைய உழைப்பு அதில் சேருகிறது! ஒரு பட்ச்சை ஒட்டவைக்க இதைவிட நல்ல பசை வேறில்லை.

இப்படி ஒட்டிய பட்ச் படிப்பு முடிந்த பிறகும் வேலை செய்கிறது. வேலை எப்படிக் கிடைத்தது என்று மார்க் கிரனவெட்டர் அமெரிக்காவில் விசாரித்து 1973இல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் 17 வீதத்தினருக்கே அந்தத் தெரிந்தவர் அடிக்கடி சந்திப்பவர். மீதி 83 வீதத்தினருக்கு அவர் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். தூரத்து நண்பர்தான் புதுச் செய்தி கொண்டுவருவார். பட்ச் வட்ஸ்அப் குழு முழுவதும் இத்தகைய தூரத்து நண்பர்கள்தான். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் கிளை விட்டிருப்பதன் பலம் இதுதான். இரத்தம் வேண்டும் என்றாலும், பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கூரை போட வேண்டும் என்றாலும், ஒரு குறுஞ்செய்தி போதும்.

கடைசியாக ஓர் ஆய்வு. இதை ஒவ்வொரு சீனியரும் அறிந்திருக்க வேண்டும். கிரெகரி வோல்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்டது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சீனியர்களின் அனுபவங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். “எனக்கு இங்கே இடமில்லையோ என்று முதல் வருடம் நாங்களும் பயந்தோம், அது எல்லோருக்கும் வருவது, நாளாக ஆகச் சரியாகிவிட்டது” என்பதே அவற்றின் சாரம். அதைப் பற்றிப் புதியவர்கள் எழுதினார்கள், அடுத்த வருடம் வருபவர்களுக்காகப் பேசிப் பதிவுசெய்தார்கள். மொத்தம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அடுத்த மூன்று வருடங்களில் அந்தப் புதியவர்களில் கறுப்பின மாணவர்களின் பெறுபேறு உயர்ந்தது. அவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான இடைவெளி பாதியாகக் குறைந்தது. மூன்று வருடப் பலனுக்கு ஒரு மணித்தியாலப் பேச்சு.

மாணவர்கள் பட்ச்சையும் சங்கத்தையும் சகோதரக் கழகத்தையும் தேடிப் போவது அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான்: இது உன்னுடைய இடமும்தான். அதைச் சொல்லப் பகிடிவதை தேவையில்லை. இந்த வருடம் உங்கள் பீடத்துக்குப் புதிதாக ஒரு தம்பியோ தங்கையோ வரும்போது, சீனியர் அண்ணாமாரே, அக்காமாரே, ஒரு பிளேன்டீ வாங்கிக்கொடுத்து ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் முதல் வருடப் பயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு அவர்களைக் குப்பிக்குக் கூப்பிடுங்கள்.